காற்றுத்திசைகாட்டி ஒரு பக்கம், செயலி ஒரு பக்கம், மேகம் இன்னொரு பக்கம்: எது சரி?

வேளச்சேரி மாடி (வினா)

அனைவருக்கும் வணக்கம். பள்ளியில் படிக்கும் என் மகளுக்காகச் சென்ற மாதம் மொட்டை மாடியில் ஒரு காற்றுத்திசைகாட்டியைச் செய்து நிறுத்தினேன். பழைய சைக்கிளின் முன்சக்கர ஹப்பை பி.வி.சி. குழாயின் தலையில் பொருத்தி, ஒரு முனையில் அம்பும் மறு முனையில் அகன்ற அலுமினியத் தகடும் கொண்ட கம்பியை அதன்மேல் குறுக்கே வைத்தேன். பேரிங்கில் கிரீஸ் இருந்தவரை மெல்லிய காற்றுக்கு அது அசையவே இல்லை. கிரீஸைத் துடைத்துவிட்டுத் தையல் இயந்திர எண்ணெய் இரண்டு சொட்டு விட்ட பிறகு, வேப்பிலை ஆடும் காற்றுக்கே திரும்பிவிடுகிறது.

இப்போது ஜூன் நடுப்பகுதி. காலை ஆறு மணிக்கு அம்பு மேற்கைக் காட்டுகிறது. கைப்பேசியில் உள்ள வானிலைச் செயலியும் மேற்குக் காற்று என்றே சொல்கிறது. பிற்பகல் இரண்டு மணிக்குச் செயலி அதே மேற்குக் காற்றைச் சொல்லிக்கொண்டிருக்க, என் அம்போ தென்கிழக்குக்குத் திரும்பிவிடுகிறது. அண்ணாந்து பார்த்தால் தாழ்வான பஞ்சு மேகங்கள் மேற்கிலிருந்து கிழக்கே போகின்றன. அவற்றுக்கு மிக உயரத்தில் இருக்கும் நார் போன்ற மெல்லிய வெண்மேகங்கள் கிழக்கிலிருந்து மேற்கே வருகின்றன. மாலையில் சில நாள் அம்பு எத்திசையிலும் நிலைக்காமல் முழு வட்டமாகச் சுற்றுகிறது. எங்கள் வீட்டுக்கு மேற்கே, ஏறத்தாழ எண்பதடி தள்ளி, ஐந்து மாடிக் குடியிருப்பு ஒன்று இருக்கிறது என்பதையும் சொல்லிவிடுகிறேன்.

ஒரே நேரத்தில் ஒரே ஊரின்மேல் காற்று மூன்று திசைகளில் வீச முடியுமா? என் கருவியில் பிழையா, செயலியில் பிழையா? மேற்குக் காற்று என்றால் மேற்கிலிருந்து வருவதா, மேற்கே போவதா என்பதிலேயே எனக்கும் என் மகளுக்கும் ஒரு நாள் முழுவதும் வழக்கு நடந்தது.

பழைய நோக்கர் (மறுமொழி)

வழக்கை முதலில் தீர்த்துவிடலாம். காற்றுக்குப் பெயர் அது புறப்பட்டு வரும் திசையை வைத்தே இடப்படுகிறது. தெற்கிலிருந்து வருவது தென்றல், வடக்கிலிருந்து வருவது வாடை, கிழக்கிலிருந்து வருவது கொண்டல், மேற்கிலிருந்து வருவது கோடை என்று நம் முன்னோர் வைத்த நான்கு பெயர்களும் இம்முறையில் அமைந்தவையே. கடல் நீரோட்டத்துக்கு மட்டும் இது தலைகீழ். கிழக்கு நோக்கிய நீரோட்டம் என்றால் நீர் கிழக்கே போகிறது என்று பொருள். வானிலை அறிக்கையில் காற்றின் திசை வடக்கிலிருந்து வலச்சுற்றாகப் பாகையில் எண்ணப்படும்: கிழக்கு 90, தெற்கு 180, மேற்கு 270, வடக்கு 360. உங்கள் அம்பின் தலை காற்று வரும் பக்கத்தைக் காட்டும். விமான நிலையத்தில் தொங்கும் காற்றுப்பையின் வால் காற்று போகும் பக்கத்தைக் காட்டும். இரண்டையும் ஒப்பிடும்போது பலர் இந்த இடத்தில்தான் தடுக்கி விழுகிறார்கள்.

இனி உங்கள் மூன்று திசைகளுக்கு வருகிறேன். மூன்றும் சரி. நீங்கள் மூன்று வேறு உயரங்களில் உள்ள மூன்று வேறு காற்றுகளைப் பார்த்திருக்கிறீர்கள்.

பஞ்சு மேகங்கள் ஏறத்தாழ ஒன்று, ஒன்றரைக் கிலோமீட்டர் உயரத்தில் மிதப்பவை. அவற்றை நகர்த்துவது தென்மேற்குப் பருவக்காற்று. அரபிக் கடலின் ஈரத்தை மேற்குத் தொடர்ச்சி மலையின் மேற்குச் சரிவில் மழையாகக் கொட்டிவிட்டு, காய்ந்த காற்றாக அது நம் பக்கம் இறங்குகிறது. மேற்குக் காற்றையும் வெயில் காலத்தையும் ஒரே சொல்லால் 'கோடை' என்று அழைத்தவர்கள் இந்தக் கடற்கரையின் வெக்கையை உடம்பால் அறிந்தவர்களாகத்தான் இருக்க வேண்டும்.

பிற்பகலில் உங்கள் அம்பைத் தென்கிழக்குக்குத் திருப்பியது கடல்காற்று. வெயிலில் நிலம் விரைவாகச் சூடேறுகிறது, கடல் அவ்வாறு சூடேறுவதில்லை. நிலத்தின் மேலுள்ள காற்று விரிந்து எழும்ப, அங்கே அழுத்தம் சற்றுக் குறைய, கடலின் மேலுள்ள குளிர்ந்த காற்று உள்ளே நுழைகிறது. அது சில நூறு மீட்டர் முதல் ஒரு கிலோமீட்டர் வரையிலான ஆழம் மட்டுமே கொண்ட ஒரு மெல்லிய படலம். அந்தப் படலத்துக்கு மேலே மேற்குக் காற்று தன் போக்கில் போய்க்கொண்டே இருக்கும். ஆகவே உங்கள் வீட்டு மாடியில் தென்கிழக்கும், தலைக்கு மேலே ஒன்றரைக் கிலோமீட்டரில் மேற்கும் ஒரே நேரத்தில் வீசுவதில் முரண்பாடு ஒன்றும் இல்லை.

மேற்குக் காற்று வலுவாக இருக்கும் நாளில் கடல்காற்று கரையிலேயே தடுத்து நிறுத்தப்படும். கடற்கரைக்கு அருகிலுள்ள நுங்கம்பாக்கத்தில் வெப்பநிலை இறங்கத் தொடங்கிய பிறகும், உள்ளே தள்ளியிருக்கும் மீனம்பாக்கத்தில் ஏறிக்கொண்டே இருப்பதைப் பல மே, ஜூன் நாட்களில் காணலாம். சென்னையில் ஒரு நாள் 38 பாகை செல்சியஸோடு முடியுமா, 41-ஐத் தொடுமா என்பதைப் பெரும்பாலும் தீர்மானிப்பது சூரியன் அன்று. கடல்காற்று எத்தனை மணிக்கு உள்ளே வந்தது என்பதே.

மூன்றாவதாக நார் மேகங்கள். அவை பத்துக் கிலோமீட்டருக்கும் மேலே, பனித்துகள்களால் ஆனவை. ஜூன் முதல் செப்டம்பர் வரை தென்னிந்தியாவின் மேல் ஏறத்தாழ 14 முதல் 16 கிலோமீட்டர் உயரத்தில் கிழக்கிலிருந்து மேற்கே மணிக்கு நூறு கிலோமீட்டரையும் தாண்டிய வேகத்தில் ஒரு காற்றாறு ஓடுகிறது. வெப்பமண்டலக் கிழக்கு ஜெட் காற்றோட்டம் என்று அதற்குப் பெயர். இந்திய வானிலைத் துறையைச் சேர்ந்த பி. கோடீஸ்வரம் 1958இல் அதை விரிவாக விளக்கி எழுதினார். அந்தப் பருவத்தில் திபெத் பீடபூமியும் வட இந்தியாவும் சூடேறிக் கிடப்பதால், மேல் வானில் வடக்குப் பக்கம் வெப்பமாகவும் நிலநடுக்கோட்டுப் பக்கம் அதைவிடக் குளிர்ச்சியாகவும் ஆகிவிடுகிறது; வழக்கத்துக்கு மாறான இந்த வெப்ப வேறுபாடே அந்தக் கிழக்குக் காற்றை உண்டாக்குகிறது. சென்னை ஏறத்தாழ அதன் மையக்கோட்டின் கீழேயே இருக்கிறது. எந்தக் கருவியும் இல்லாமல் மொட்டை மாடியில் மல்லாந்து படுத்தே அதைக் கண்டுவிட்டீர்கள்.

செயலியைக் குறை சொல்வதற்கும் அதிகம் இல்லை. பெரும்பாலான செயலிகள் காட்டுவது அளந்த காற்றை அன்று, கணினி மாதிரி கணித்த காற்றை. அந்த மாதிரி நிலத்தைப் பல கிலோமீட்டர் அகலக் கட்டங்களாகப் பிரித்துக் கட்டத்துக்கு ஒரு திசையைத் தருகிறது. வேளச்சேரி விழுந்த கட்டத்தில் கொஞ்சம் கடலும் கொஞ்சம் தாம்பரமும் கலந்திருந்தால், கடல்காற்றின் முனை எந்தத் தெருவைத் தாண்டியது என்பது அதற்குத் தெரியாது.

கிண்டி மாணவன் (மறுமொழி)

பழைய நோக்கர் ஐயாவின் விளக்கம் தெளிவாக இருந்தது. ஆனால் ஒரு சிறு ஐயம். கடல்காற்று என்பது வெப்ப வேறுபாட்டால் மட்டுமே உண்டாவதாக இருந்தால், ஏறத்தாழ வடக்கு தெற்காக ஓடும் சென்னைக் கரைக்கு அது நேர் கிழக்கிலிருந்து அல்லவா வர வேண்டும்? தென்கிழக்கிலிருந்து வருவது ஏன்? புவிச் சுழற்சியால் எழும் கொரியாலிஸ் விளைவு நம் அட்சரேகையில் மிகச் சிறியது என்பதால் அதைக் கணக்கில் எடுக்கத் தேவையில்லை என்றே நான் படித்திருக்கிறேன். திசைகாட்டியில் வடக்கைத் தவறாக அமைத்திருக்கலாம் என்பது என் ஊகம்.

வேளச்சேரி மாடி (பதில்)

வடக்கைக் கைப்பேசியின் காந்த ஊசியை வைத்துத்தான் குறித்தேன்; தண்ணீர்த் தொட்டியின் இரும்பு ஏணி அருகில் இருந்தது என்பது உண்மை. தம்பி சொன்னதால் நேற்றும் இன்றும் மணிக்கொருமுறை மாடிக்கு ஏறிக் குறித்து வைத்தேன். இரு நாளும் ஏறத்தாழ ஒரே மாதிரி. பகல் ஒன்றே காலுக்கு மேற்குக் காற்று அடங்கி, கால் மணி நேரம் இலை அசையாமல் இருந்து, பிறகு கிழக்கு-தென்கிழக்கிலிருந்து காற்று பிடித்தது. கழுத்து வியர்வை குளிர்ந்ததிலேயே அது தெரிந்தது. நான்கரை மணிக்கு நேர் தென்கிழக்கு. இரவு ஒன்பது மணிக்கு அம்பு தெற்கிலிருந்து சற்றே கிழக்கே ஒதுங்கி நின்றது. வடக்குப் பிழையாக இருந்தாலும் அம்பு நகர்ந்தது பிழையாக இருக்க முடியாதே?

பழைய நோக்கர் (பதில்)

முடியாது. அந்த நகர்வில்தான் தம்பியின் கேள்விக்கான விடையும் இருக்கிறது.

காற்றைத் தள்ளத் தொடங்குவது அழுத்த வேறுபாடு ஒன்றே. உயர் அழுத்தத்திலிருந்து தாழ் அழுத்தத்துக்கு நேராகப் பாய்வதே அதன் முதல் இயல்பு. ஆனால் அது நகரத் தொடங்கிய கணத்திலிருந்து அடியில் இருக்கும் புவி சுழன்றுகொண்டே இருப்பதால், வட அரைக்கோளத்தில் அதன் பாதை வலப்புறமாக வளைகிறது. இந்த வளைவு அட்சரேகையின் சைன் மதிப்பைப் பொறுத்தது: நிலநடுக்கோட்டில் சுழி, துருவத்தில் உச்சம். சென்னையின் 13 பாகையில் அது 45 பாகையில் இருப்பதில் ஏறத்தாழ மூன்றில் ஒரு பங்கு. சிறியதுதான், ஆனால் இல்லாதது அன்று. ஒரு கைகழுவும் தொட்டியின் அளவிலும், ஒரு நிமிட நேரத்திலும் அதைத் தேடினால் கிடைக்காது. பல பத்துக் கிலோமீட்டர் கடந்து வரும் காற்றுக்கு, எட்டு மணி நேரம் கொடுத்துப் பார்த்தால், கணக்கின்படி அது 50 பாகை அளவுக்குத் திசையைத் திருப்ப வல்லது. பகல் ஒன்றரை மணிக்குக் கிழக்கு-தென்கிழக்காக இருந்தது இரவு ஒன்பது மணிக்குத் தெற்கை நெருங்கியது என்றால், அது நீங்கள் மாடியில் நின்று புவிச் சுழற்சியை அளந்ததற்குச் சமம். பின்னணியில் இருக்கும் தென்மேற்குக் காற்றும் அதைத் தெற்குப் பக்கம் இழுக்கிறது என்பதையும் சேர்த்துக்கொள்ள வேண்டும். எது எவ்வளவு என்று ஒரு திசைகாட்டியைக் கொண்டு மட்டும் பிரிக்க முடியாது. மெரினாவில் மாலையில் உட்காருபவர்கள் கடல் எதிரில் இருக்கக் காற்று வலப்பக்கத் தோளில் படுவதை உணர்ந்திருப்பார்கள்.

அழுத்தம், சுழற்சி இரண்டோடு மூன்றாவதாக உராய்வு. மேல்வானில் உராய்வு இல்லாததால் காற்று சம அழுத்தக் கோடுகளை ஒட்டி, தாழ்வழுத்தத்தை இடப்புறம் வைத்தே ஓடும். தரையில் மரமும் கட்டடமும் அதன் வேகத்தைக் குறைக்க, வேகம் குறைந்த அளவுக்குச் சுழற்சியின் பிடியும் தளர்ந்து, காற்று தாழ்வழுத்தத்தை நோக்கிச் சாய்கிறது. கடலின் மேல் இந்தச் சாய்வு 10 முதல் 20 பாகை வரை. நிலத்தின் மேல் 30 பாகையோ அதற்கு மேலோ இருக்கும். நெதர்லாந்தின் பய்ஸ் பாலட் என்பவர் 1857இல் சொன்ன விதி இதையெல்லாம் ஒரே வரியில் அடக்குகிறது: வட அரைக்கோளத்தில் காற்றுக்கு முதுகு காட்டி நின்றால் தாழ்வழுத்தம் உங்கள் இடக்கைப் பக்கம் இருக்கும். ஜூன் காலையில் மேற்குக் காற்றுக்கு முதுகு காட்டிக் கிழக்கே பார்த்து நில்லுங்கள்; இடக்கை வடக்கைக் காட்டும். பருவமழைக் காலத்தின் தாழ்வழுத்தம் வட இந்தியாவில்தான் கிடக்கிறது. நவம்பரில் வடகிழக்குக் காற்றுக்கு முதுகு காட்டினால் இடக்கை தென்கிழக்கே, தெற்கு வங்கக் கடலை நோக்கி நீளும். கடல்காற்றைப் போன்ற உள்ளூர்க் காற்றுக்கு மட்டும் இந்த விதியைப் போட்டுப் பார்க்காதீர்கள், அது ஏமாற்றும்.

வடக்கைக் குறிக்கக் காந்த ஊசியை இரும்பு ஏணியின் பக்கத்தில் வைத்தது தவறுதான். நிழலைப் பயன்படுத்துங்கள். சென்னையில் இந்த வாரம் சூரியன் உச்சிக்கு வருவது ஏறத்தாழ 12 மணி 10 நிமிடத்துக்கு. அப்போது ஒரு மீட்டர் கம்பியை நேராக நிறுத்தினால் 18 சென்டிமீட்டர் அளவுக்கு ஒரு குட்டை நிழல் விழும். அது காட்டுவது தெற்கை, வடக்கை அன்று. ஜூன் மாதத்தில் சூரியன் நம் தலைக்கு வடக்கே போய்விடுகிறது. இதை அறியாமல், புத்தகத்தில் படித்தபடி 'நிழல் எப்போதும் வடக்கே' என்று நம்பியவர்கள் பலர்.

உடுமலைக் காற்று (மறுமொழி)

நான் காற்றாலைப் பராமரிப்பில் இருப்பவன். சமவெளிக் கடற்கரைக்காரர்கள் பேசாத ஒன்றைச் சேர்க்கிறேன். எங்கள் பக்கத்தில் காற்றின் திசையை எழுதுவது மலை.

மேற்குத் தொடர்ச்சி மலை நீலகிரிக்கும் ஆனைமலைக்கும் இடையில் ஏறத்தாழ 30 கிலோமீட்டர் அகலத்துக்கு அறுந்து கிடக்கிறது. அதுவே பாலக்காட்டுக் கணவாய். இருபுறமும் இரண்டாயிரம் மீட்டரைத் தாண்டும் மலைகள் நிற்க, நடுவில் தரை சில நூறு மீட்டர்கூட உயரவில்லை. தென்மேற்குப் பருவக்காற்று இந்த வாசலுக்குள் திரளும்போது, வெளியே அது தென்மேற்காக இருந்ததா மேற்காக இருந்ததா என்பதற்கு மதிப்பில்லாமல் போய்விடுகிறது. கணவாயின் அச்சு எப்படிக் கிடக்கிறதோ அப்படித்தான் அது பொள்ளாச்சிக்கும் உடுமலைக்கும் பல்லடத்துக்கும் வந்து சேரும். ஆடி மாதத்தில் அம்மியே பறக்கும் என்பார்கள். இங்கே அம்மி பறக்காவிட்டாலும், வரப்பில் நிற்கும் தென்னைகள் பல ஆண்டுக் காற்றில் கிழக்கே சாய்ந்தபடியே வளர்ந்திருப்பதை யாரும் பார்க்கலாம். செங்கோட்டைக் கணவாய், கம்பம் கணவாய், ஆரல்வாய்மொழி என்று மலை விட்டுக்கொடுத்த இடங்களிலெல்லாம் இதே கதைதான். தமிழ்நாட்டின் பெரிய காற்றாலைத் தொகுப்புகள் இந்த நான்கு வாசல்களின் எதிரில் அமைந்தது தற்செயல் அன்று.

கணவாய்க்கு இரு பக்கமும் வாசல் உண்டு என்பதையும் சொல்ல வேண்டும். மார்கழியில் வடகிழக்குக் காற்று இதே வழியாகக் கிழக்கிலிருந்து மேற்கே நுழைந்து பாலக்காட்டையும் திருச்சூரையும் அடிக்கும். அங்கே அதற்கு விருச்சிகக் காற்று என்று பெயர்.

காற்றாலையின் தலையிலும் ஒரு சிறு திசைகாட்டி இருக்கிறது. அது ஒவ்வொரு சிறு அசைவுக்கும் சொல்வதைக் கேட்டு இயந்திரம் திரும்பினால் பற்சக்கரம் ஒரே பருவத்தில் தேய்ந்துவிடும். ஆகவே கட்டுப்பாட்டுக் கணினி சில நிமிடச் சராசரி எடுத்து, விலகல் ஓரளவைத் தாண்டிய பிறகே தலையைத் திருப்பும். ஒரே பக்கமாகப் பலமுறை சுற்றிவிட்டால் கோபுரத்துக்குள் தொங்கும் கேபிள் முறுக்கிக்கொள்ளும் என்பதால், காற்று நன்றாக வீசிக்கொண்டிருக்கும்போதே ஆலை நின்று, எதிர்ப்பக்கமாகச் சுற்றி முறுக்கை அவிழ்த்துக்கொள்வதும் உண்டு. புதிதாக வேலைக்கு வருபவர்கள் அதைக் கோளாறு என்று நினைத்து ஓடி வருவார்கள். ஜூன், ஜூலையில் எங்களுக்கு இந்தத் தொல்லை இல்லை. திசை அவ்வளவு உறுதியாக நிற்கும். பங்குனி, சித்திரையில்தான் தலை சுற்றும், ஆலைக்கும் எங்களுக்கும்.

வேளச்சேரி நண்பரின் அம்பு வட்டமாகச் சுற்றுவதற்குக் காரணம் அந்த ஐந்து மாடிக் குடியிருப்புதான் என்பதில் எனக்கு ஐயமில்லை. மேற்குக் காற்று அந்தக் கட்டடத்தைத் தாண்டும்போது அதன் பின்னால் ஆற்றுப் பாலத்தின் தூணுக்குப் பின்னால் தண்ணீர் சுழல்வதைப் போலச் சுழல்கிறது. அந்தச் சுழலுக்குள் நிற்கும் அம்பு சில நேரம் நேர் எதிர்த்திசையைக்கூடக் காட்டும். தடுப்பு எவ்வளவு உயரமோ அதைப் போல் பத்து மடங்கு தொலைவில், திறந்த வெளியில், பத்து மீட்டர் உயரத்தில் கருவி இருக்க வேண்டும் என்பதே வானிலை நிலையங்களின் நெறி. ஐந்து மாடி என்றால் ஐம்பதடி. நீங்கள் ஐந்நூறடி தள்ளியிருக்க வேண்டும், எண்பதடியில் இருக்கிறீர்கள். சென்னையில் அந்த வசதி யாருக்கு இருக்கிறது என்பது வேறு கேள்வி. தண்ணீர்த் தொட்டியின் மேல் ஒரு நீளக் குழாயை நிறுத்தி இழுகம்பி கட்டிப் பாருங்கள். இடிதாங்கி இல்லாத வீட்டில் மழை மேகம் திரளும்போது அதன் அருகில் நிற்காதீர்கள்.

வல்வைப் பட்டம் (மறுமொழி)

யாழ்ப்பாணத்திலிருந்து எழுதுகிறேன். எங்கள் கடற்கரையில் வாடை, கொண்டல், சோளகம், கச்சான் என்று நான்கு காற்றையும் பெயர் சொல்லி அழைப்பது இன்றும் புழக்கத்தில் இருக்கிறது. சோளகம் தெற்கும் தென்மேற்குமாக வருவது. கச்சான் மேற்கிலிருந்து வருவது. கடற்றொழிலாளருக்கு இவை திசையின் பெயர் மட்டுமன்று, எந்தக் கரையில் வலை போடலாம் என்பதற்கான நாட்காட்டியும் ஆகும்.

தைப்பொங்கல் நாளில் வல்வெட்டித்துறைக் கடற்கரையில் நடக்கும் பட்டப் போட்டியைப் பற்றி நீங்கள் கேள்விப்பட்டிருக்கலாம். அது ஏன் தை மாதத்தில், ஏன் அந்தக் கரையில் என்பதற்கு இந்த இழையில் விடை இருக்கிறது. எங்கள் கரை வடக்கைப் பார்த்தது. வாடைக்காற்று வடகிழக்கிலிருந்து, வழியில் மரமோ வீடோ இல்லாமல், கடல் நீரின் மேலாகவே வந்து சேர்கிறது. சுழல் இல்லாத, ஒரே சீரான காற்று. ஆளைவிடப் பெரிய பட்டத்தை ஏற்றுவதற்கு வேகத்தைவிட இந்தச் சீர்மைதான் வேண்டும். சோளகத்தில் அதே இடத்தில் பட்டம் ஏற்றினால், காற்று ஊருக்குள் பனையிலும் கூரையிலும் மோதிக் கலங்கி வருவதால், பட்டம் குத்துக்கரணம் போடும்.

பழைய நோக்கர் ஐயா சொன்ன உராய்வை நூலை வைத்தே பார்க்கலாம். வாடையில் பட்டம் தென்மேற்கே ஏறும். நூலை விட விட, அது நேராக உயராமல் மெல்ல வலப்புறம், அதாவது மேற்குப் பக்கமாக ஒதுங்கும். சிறு வயதில் நாங்கள் முச்சை (பட்டத்தை நூலோடு இணைக்கும் கட்டு) சரியாகக் கட்டவில்லை என்று அதைப் பிரித்துப் பிரித்துக் கட்டினோம். தரையின் பிடி குறையக் குறைய மேலே உள்ள காற்று வலச்சுற்றாகத் திரும்புகிறது என்பது பிறகுதான் புரிந்தது. இரவில் விண் (காற்றில் அதிர்ந்து ஒலிக்கும் நார்) கட்டிய பட்டத்தை ஏற்றிக் கட்டிவிட்டுப் படுத்தால், விண்ணின் ஓசை எந்தப் பக்கத்திலிருந்து வருகிறது என்பதைக் கேட்டே காற்று பெயர்ந்ததா என்று பாயில் கிடந்தபடி சொல்லிவிடலாம்.

கிண்டி மாணவன் (பதில்)

என் ஊகம் தவறு என்பதை ஒப்புக்கொள்கிறேன். எட்டு மணி நேரம் என்று கணக்குப் போட்டுப் பார்த்தேன். ஐயா சொன்ன 50 பாகைக்கு அருகில்தான் வருகிறது. இன்னொன்று கேட்க வேண்டும். 2016 டிசம்பர் 12 அன்று வர்தா புயல் சென்னையைக் கடந்தபோது நான் சிறுவன். எங்கள் தெருவில் காலையில் ஒரு பக்கம் சாய்ந்த மரங்கள் கிடக்க, பிற்பகலில் காற்று முழுவதுமாக நின்று, பெரியவர்கள் வெளியே வந்து கிளைகளை ஒதுக்கத் தொடங்கியபோது, மறுபடியும் நேர் எதிர்ப்பக்கத்திலிருந்து அடித்தது. ஒரே புயலில் காற்று எப்படித் திரும்பியது?

பழைய நோக்கர் (பதில்)

நீங்கள் நின்ற இடத்தின் மேலாகப் புயலின் கண் போயிருக்கிறது. வட அரைக்கோளப் புயலில் காற்று மையத்தைச் சுற்றி இடச்சுற்றாக ஓடும். புயல் கிழக்கே கடலில் இருக்கும்வரை அதன் மேற்கு விளிம்பில் இருக்கும் உங்களுக்கு வடக்குப் பக்கக் காற்று. கண் தலைக்கு மேல் வரும்போது அமைதி. அது மேற்கே நகர்ந்ததும் நீங்கள் அதன் கிழக்கு விளிம்புக்கு வந்துவிடுகிறீர்கள். இப்போது தெற்குப் பக்கக் காற்று. மரங்கள் இருபுறமும் சாய்ந்து கிடந்ததற்கு அதுவே காரணம். அந்த இடைவேளையில் வெளியே வந்தது ஆபத்தான செயல். கண் கடந்து போகாத ஊர்களில் இப்படி நின்று திரும்பாது, படிப்படியாகச் சுற்றித் திரும்பும். எந்தப் பக்கமாகத் திரும்புகிறது என்பதை வைத்தே புயல் தங்களுக்கு வடக்கே போகிறதா தெற்கே போகிறதா என்று மாலுமிகள் கணித்தார்கள்.

மே மாதத்தில் வங்கக் கடலில் உருவாகும் புயல் ஆந்திரத்துக்கோ வங்கத்துக்கோ போய்விட்டால், மழை வரும் என்று காத்திருந்த சென்னைக்கு அனல் மட்டும் மிஞ்சுவதும் இதே கணக்கில்தான். புயல் நமக்கு வடக்கே போனதும் அதன் தென்மேற்கு மூலையில் இருக்கும் நமக்குக் கிடைப்பது நிலத்தின் மேலாக வரும் மேற்குக் காற்று. கடல்காற்றும் வாசலில் நின்றுவிடுகிறது.

வேளச்சேரி மாடி (பதில்)

எல்லோருக்கும் நன்றி. நேற்று தொட்டியின் மேல் பன்னிரண்டு அடிக் குழாயை ஏற்றி, மூன்று பக்கமும் இழுகம்பி கட்டினேன். நண்பகல் நிழலில் தெற்கைக் குறித்தபோது, பழைய குறியிலிருந்து ஏறத்தாழ 15 பாகை விலகியிருந்தது தெரிந்தது. ஏணிதான் குற்றவாளி. அம்பு இப்போது முழு வட்டம் போடுவதில்லை. இருபுறமும் கொஞ்சம் ஆடுகிறது, அவ்வளவே.

ஒரே ஒரு புதிர் மிச்சம். இன்று மாலை ஐந்தே முக்காலுக்குத் தென்கிழக்கில் அமைதியாக நின்ற அம்பு, ஒரு நொடியில் சடாரென்று மேற்கு-வடமேற்குக்குத் திரும்பியது. குளிர்ந்த, புழுதி கலந்த காற்று. மேற்கே வானம் கறுத்திருந்தது. ஆனால் மழை வந்தது இருபது நிமிடம் கழித்து. பருவக்காற்று திரும்பவும் கடல்காற்றை வென்றுவிட்டதா?

பழைய நோக்கர் (பதில்)

இது பருவக்காற்று அன்று. உள்நாட்டில் கடல்காற்றின் முனையும் மேற்குக் காற்றும் மோதும் இடத்தில் காற்று மேலெழும்பி இடிமேகம் வளர்கிறது; சென்னையின் மாலை மழை பெரும்பாலும் இப்படித்தான் மேற்கிலிருந்து வருகிறது. மழைத்துளிகள் விழும்போது ஒரு பகுதி நடுவழியிலேயே ஆவியாகிக் காற்றைக் குளிர்விக்க, குளிர்ந்து கனத்த அந்தக் காற்று கீழே பாய்ந்து, தரையில் கொட்டிய தண்ணீர் போல எல்லாப் பக்கமும் பரவுகிறது. அதன் விளிம்புதான் உங்கள் அம்பைத் திருப்பியது. அந்த நேரத்துக்கு மட்டும் அம்பு இடிமேகம் நிற்கும் பக்கத்தையே காட்டும். உங்கள் இருபது நிமிடத்தை மகளைக் குறித்து வைக்கச் சொல்லுங்கள். அடுத்த முறை அம்பு சடாரென்று திரும்பினால் கொடியில் காயும் துணியை எடுக்க எவ்வளவு நேரம் இருக்கிறது என்பது உங்கள் வீட்டுக்குத் தெரிந்துவிடும்.